கணவரின் சொத்தும் மனைவியின் பாஸ்போர்ட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற வீட்டுக்காரர்கள் பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டு அவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.

நம் சின்ன காஞ்சிபுரத்தில் தெருவில் பாவு விரித்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் சியாட்டிலிலும் இருக்கிறார்கள். என்னிடம் படித்தவர்களே பலர் உண்டு. வரதராஜர் கோயில் சன்னதித் தெருவில் மாலையில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்தால் பேச்சு எச்-1பி, கிரீன் கார்டு, அங்கே வாங்கிய வீடு என்றுதான் ஓடுகிறது. "அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளுக்கு என்ன போய்ச் சேரும்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அபசகுனம். வாயைக் கழுவச் சொல்வார்கள்.

ஆனால் அமெரிக்கச் சட்டம் இதைக் கேட்கிறது. கேட்பதோடு நிற்காமல், மிஞ்சியிருக்கும் மனைவி அல்லது கணவரின் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்றும் பார்க்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. சமூக அறிவியல் நடத்திய ஆசிரியன். சட்டம் என்ன சொல்கிறது என்று எளிமையாகச் சொல்லிவிட்டு என் கருத்தையும் சொல்கிறேன்.

கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இதற்கென்று ஒரு டிரஸ்ட் ஏற்பாடு அந்த நாட்டில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு அது முதல் தேவை இல்லை. மிஞ்சியிருக்கப் போகிறவருக்கு எல்லாம் தெரிந்திருப்பதுதான் முதல் தேவை. அது இல்லாத வீட்டில் எந்த டிரஸ்ட்டும் உதவாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஒருவர் இறந்தால், அவர் விட்டுச் சென்ற மொத்தச் சொத்தின் மீது ஒரு வரி உண்டு. எஸ்டேட் வரி என்பார்கள். மேல்மட்ட விகிதம் 40 சதவீதம். கணவன் சொத்து மனைவிக்கோ, மனைவி சொத்து கணவனுக்கோ போனால் எவ்வளவு பெரிய தொகையானாலும் அந்தச் சமயத்தில் வரி இல்லை என்று 1981-இல் சட்டம் செய்தார்கள். இருவரும் போன பிறகு, பிள்ளைகளுக்குப் போகும்போது வரி போட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு.

1988-இல் அதற்கு ஒரு விலக்கு வைத்தார்கள். மிஞ்சியிருப்பவர் அமெரிக்கக் குடிமகனோ குடிமகளோ இல்லை என்றால் இந்தச் சலுகை கிடையாது. இருபது வருஷம் அங்கேயே இருந்தாலும், கிரீன் கார்டு இருந்தாலும் கிடையாது. கிரீன் கார்டு வேறு, குடியுரிமை வேறு. நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் என்ன தெரியுமா? குடியுரிமை இல்லாத மனைவி, பணத்தை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டால், பிறகு அமெரிக்க அரசாங்கத்துக்கு வரி வசூலிக்க வழியில்லையே என்ற பயம்.

நம் வீடுகளுக்கு இது நெருங்கிய விஷயம். ஏனென்றால், "ஒருத்தர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கலாம், இன்னொருத்தர் இந்தியப் பாஸ்போர்ட்டையே வச்சுக்கலாம்" என்று யோசித்து முடிவெடுக்கும் தம்பதிகள் நிறைய. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வெளிநாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது. வாக்குரிமையும் போய்விடும். அதனால் மனைவி இந்தியராகவே இருக்கட்டும் என்று விடுகிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த முடிவுக்குள் இப்படி ஒரு வரிக் கணக்கும் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

அந்த டிரஸ்ட் என்பது என்ன?

சலுகையை எடுத்த அதே 1988 சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்தது. 'கியூடாட்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். தகுதிபெற்ற உள்நாட்டு டிரஸ்ட் என்று தமிழில் சொல்லலாம். டிரஸ்ட் என்றதும் நம் ஊரில் அன்னதானம், கல்யாண மண்டபம் என்று நினைத்துக்கொள்கிறோம். இது தர்ம காரியம் இல்லை, ஒரு குடும்பத்துக்கான ஏற்பாடு.

இதைப் புரிந்துகொள்ள காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் வேண்டாம். கோயில் கட்டளை தெரியும்தானே? ஒருவர் ஒரு தொகையை முதலாக வைக்கிறார். முதலைத் தொடக்கூடாது. அதில் வரும் வட்டியில் வருஷா வருஷம் அவர் பெயரில் உற்சவமோ பூஜையோ நடக்கும். பழைய கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று வரும். கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைக் கொடுப்பார்கள். ஆடு சாகும், கிழடாகும், குட்டியும் போடும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. அதிலிருந்து கிடைக்கும் நெய்யில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

கியூடாட்டும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். இறந்தவரின் சொத்து நேராக மனைவி கைக்குப் போகாமல் டிரஸ்ட்டுக்குள் போகிறது. அதில் வரும் வருமானம் முழுவதும் மனைவிக்கு. அந்த வருமானத்துக்கு எஸ்டேட் வரி கிடையாது. வழக்கமான வருமான வரி மட்டும்தான். முதலை எடுத்தால் எஸ்டேட் வரி கட்டிவிட்டு எடுக்க வேண்டும். மருத்துவம், படிப்பு, பிழைப்பு என்று அவசரத் தேவை வந்து வேறு வழியும் இல்லை என்றால் அதற்கு விலக்கு உண்டு. மனைவியும் காலமான பிறகு மிச்சமிருக்கும் முதலுக்கு வரி. ஆக, வரி ரத்தாவதில்லை, தள்ளிப்போகிறது. அவ்வளவுதான்.

சில நிபந்தனைகள் உண்டு. டிரஸ்டிகளில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாகவோ அமெரிக்க நிறுவனமாகவோ இருக்க வேண்டும். முதலில் கை வைக்கும்போது வரியைப் பிடித்துக்கொள்ளும் அதிகாரம் அந்த டிரஸ்டிக்கு இருக்க வேண்டும். டிரஸ்ட்டின் சொத்து 20 லட்சம் டாலரைத் தாண்டினால் வங்கி ஒன்று டிரஸ்டியாக இருக்க வேண்டும், அல்லது ஜாமீன் கட்ட வேண்டும். இறந்த நாளிலிருந்து 9 மாதத்துக்குள் வரிப் படிவம் தர வேண்டும். கேட்டால் இன்னும் 6 மாதம் நீட்டிப்பார்கள்.

முக்கியமான இரண்டு சலுகைகள். ஒன்று, உயிலில் இந்த டிரஸ்ட்டை எழுதி வைக்காவிட்டாலும், படிவம் தருவதற்கு முன் மனைவியே டிரஸ்ட் ஏற்படுத்திச் சொத்தை அதில் சேர்க்கலாம். இரண்டு, கணவர் மறைந்ததிலிருந்து அமெரிக்காவிலேயே வசித்து, படிவம் தருவதற்குள் மனைவி குடியுரிமை வாங்கிவிட்டால் டிரஸ்ட்டே தேவையில்லை. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆகியும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது தேவை?

இங்கேதான் பதறக்கூடாது. அமெரிக்கக் குடிமக்களுக்கும், அங்கேயே நிலையாகத் தங்கிவிட்டவர்களுக்கும் பெரிய விலக்கு வரம்பு இருக்கிறது. 2025-இல் 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம் டாலர். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி 2026-இலிருந்து 1.5 கோடி டாலர். நம் பணத்தில் நூறு கோடி ரூபாயைத் தாண்டும். அதற்குள் சொத்து இருந்தால், மனைவி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் மத்திய அரசுக்கு எஸ்டேட் வரி இல்லை. கியூடாட்டும் தேவையில்லை. சில மாநிலங்கள் தனியாக வரி போடுகின்றன. ஆரிகனில் வரம்பு 10 லட்சம் டாலர், மாசசூசெட்ஸில் 20 லட்சம் டாலர். சொந்த வீடும் ஓய்வுக்காலச் சேமிப்பும் சேர்ந்தாலே இந்த வரம்பைத் தொடுபவர்கள் உண்டு. அந்த மாநிலங்களில் இருப்பவர்கள் உள்ளூர் வக்கீலைக் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆகவே, "மனைவி இந்தியக் குடிமகளா? உடனே டிரஸ்ட் போடுங்கள்" என்று யாராவது பயமுறுத்தினால், "என் சொத்து எந்த வரம்பைத் தாண்டுகிறது?" என்று முதலில் கேளுங்கள். டிரஸ்ட்டை நடத்தச் செலவு உண்டு. டிரஸ்டிக்குச் சம்பளம், வருஷா வருஷம் கணக்கு, படிவம் எல்லாம் உண்டு. தேவையில்லாதவருக்கு அது வெறும் சுமை.

நம் ஆட்களுக்கு உண்மையான குழி

குழி வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனாகவும் இல்லாமல், அங்கே நிலையாகத் தங்குபவராகவும் இல்லாமல், அங்கே சொத்து வைத்திருப்பவருக்கு விலக்கு வரம்பு எவ்வளவு தெரியுமா? 60,000 டாலர். கோடி இல்லை, லட்சம் கூட இல்லை. அறுபதாயிரம்.

யார் இவர்கள்? பத்து வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டுப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர்கள். கம்பெனி கொடுத்த பங்குகளை அங்கேயே புரோக்கர் கணக்கில் விட்டு வந்தவர்கள். 401-கே சேமிப்பைத் தொடாமல் வைத்திருப்பவர்கள். இங்கிருந்தே செயலி மூலம் அமெரிக்கப் பங்கு வாங்குபவர்களும் இதில் சேர்த்திதான். "இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன்" என்ற எண்ணத்தோடு எச்-1பி-யில் இருப்பவரும் இதில் அடங்கலாம். வரிக்குப் பார்ப்பது விசாவை மட்டும் இல்லை, அங்கேயே தங்கும் எண்ணம் இருந்ததா என்பதையும். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து, வீடு வாங்கிக் குடும்பத்தோடு இருப்பவர் "நான் நிலையாகத் தங்கியவன்" என்று சொல்ல முடியும். மற்றவர் நிலை சந்தேகம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஊர் திரும்பிய ஒருவரிடம் 4,00,000 டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பங்குகள் இருக்கின்றன. அவர் காலமாகிறார். மனைவி இந்தியக் குடிமகள். வரி அட்டவணைப்படி 4 லட்சத்துக்கு 1,21,800 டாலர். அதில் 60,000 டாலர் விலக்குக்கான 13,000 கழியும். மீதி 1,08,800 டாலர் வரி. சொத்தில் கால்வாசிக்கு மேல்! இதே மனைவி அமெரிக்கக் குடிமகளாக இருந்து, பங்குகள் அவருக்கே போனால் அந்தச் சமயத்தில் வரி இல்லை. கணவர் வாழ்ந்த வாழ்க்கையும் அதேதான், சேர்த்த பணமும் அதேதான். மனைவியின் பாஸ்போர்ட் நிறம் ஒன்றுதான் வித்தியாசம்.

சில நாடுகளுக்கு அமெரிக்காவோடு எஸ்டேட் வரி ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவுக்கு இல்லை. நம்மிடம் இருப்பது வருமான வரி ஒப்பந்தம் மட்டும். அது இதற்கு உதவாது.

இன்னொரு குழியும் உண்டு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கணவர் அங்கே நிலையாகத் தங்கியவர், 1.5 கோடி டாலர் வரம்புக்குள் இருந்ததால் வரி இல்லாமல் எல்லாம் மனைவிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி இங்கே திரும்பிவிடுகிறார். பங்குகளை "அவர் சேர்த்து வச்சது, அப்படியே இருக்கட்டும்" என்று அங்கேயே விடுகிறார். சில வருஷம் கழித்து அவரும் காலமானால், அவருக்கான வரம்பு 60,000 டாலர்தான். 5 லட்சம் டாலர் பங்கு இருந்தால் பிள்ளைகள் கட்ட வேண்டியது 1,42,800 டாலர். கணவர் இறந்தபோது இல்லாத வரி, மனைவி இறந்தபோது வந்து நிற்கும்.

இதற்குத் தீர்வு டிரஸ்ட்டை விட எளிது. ஊர் திரும்பி நிலையாகத் தங்க முடிவு செய்தால், அமெரிக்கப் பங்குகளை அங்கேயே தூங்கவிடாதீர்கள். விற்றுப் பணத்தை இங்கே கொண்டுவரலாம். நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவருக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் வெளிநாட்டு வருமானத்துக்கு இந்தியாவில் பெரும்பாலும் வரி இல்லாத ஒரு நிலை உண்டு. ஆடிட்டரைக் கேட்டு அந்தக் காலத்துக்குள் செய்வது புத்திசாலித்தனம். அமெரிக்கப் பங்குகளில் முதலீடு செய்தே தீர வேண்டும் என்றால், அப்படி முதலீடு செய்யும் இந்திய மியூச்சுவல் ஃபண்டில் போடலாம். உங்கள் கையில் இருப்பது அப்போது இந்தியச் சொத்து. அங்கே நிலையாகத் தங்காதவரின் சாதாரண வங்கி டெபாசிட்டும், அவருடைய உயிருக்கு எடுத்த ஆயுள் காப்பீட்டுத் தொகையும் இந்த வரியில் வருவதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கூட்டுப் பெயரில் வீடு இருந்தால் போதுமா?

"வீடு ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு" என்பார்கள். கணவன் மனைவி பெயரில் கூட்டாக இருக்கும் வீட்டில், மிஞ்சியிருப்பவர் அமெரிக்கக் குடிமகளாக இருந்தால் பாதிதான் இறந்தவர் கணக்கில் வரும். குடிமகளாக இல்லாவிட்டால், அவர் தன் பணத்தைப் போட்டதாக நிரூபிக்கும் பங்கு போக மீதி முழுவதும் இறந்தவர் கணக்கில் போய்விடும்.

எச்-4 விசாவில் போய், வேலை செய்ய அனுமதி இல்லாமல், பத்து வருஷம் சமைத்து, பிள்ளை வளர்த்து, வீட்டைக் கட்டிக் காத்த பெண் என்ன ரசீது காட்டுவாள்? எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். நெசவு வீட்டுக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். தறியில் உட்கார்ந்தவர் பெயரில்தான் கூலி எழுதுவார்கள். நூல் இழைத்துக் கொடுத்த, கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை கோத்துக் கொடுத்த பெண்ணின் பெயர் எந்தக் கணக்கிலும் வராது.

இது நியாயமா?

அமெரிக்கா பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, மறுக்கவில்லை. குடிமகள் அங்கேயே இருப்பாள், என்றாவது ஒருநாள் அந்தச் சொத்து வரிக்கு வரும். வெளிநாட்டுக்காரி போய்விட்டால் வராது. டிரஸ்ட் வைத்தால் வரியைத் தள்ளிப்போடலாம் என்று வழியும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெண் ஏன் இன்னும் குடிமகளாகவில்லை? ஆண்டுதோறும் தரும் வேலைவழி கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு வைத்திருப்பதும் அதே அரசாங்கம்தான். இந்தியாவில் பிறந்தவர்கள் பத்து வருஷம், அதற்கு மேலும் வரிசையில் நிற்கிறார்கள். கிரீன் கார்டு வந்து இன்னும் ஐந்து வருஷம் கழித்துத்தான் குடியுரிமை கேட்க முடியும். நீயே வரிசையில் நிறுத்திவிட்டு, ஏன் இன்னும் வரிசையில் நிற்கிறாய் என்று தண்டம் போடுவது என்ன நியாயம்? மிஞ்சியிருக்கும் துணையின் சொத்து உரிமைக்குக் குடியுரிமையை அளவுகோலாக வைக்கக் கூடாது, எத்தனை வருஷம் அங்கே வாழ்ந்து வரி கட்டினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இது என் கருத்து. கணவரைச் சார்ந்து வந்த விசா, அவர் மறைவோடு அடிப்படையையே இழந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இருக்கவும் உரிமை இல்லை, எடுத்துக்கொண்டு போனாலும் வரி.

இந்தியாவிலும் ஒரு காலத்தில் இந்த மாதிரி வரி இருந்தது. 1953-இல் எஸ்டேட் டியூட்டி சட்டம் வந்தது. மேல்மட்ட விகிதம் 85 சதவீதம் வரை போனது. 1985-இல் வி.பி.சிங் நிதியமைச்சராக இருந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இன்று இங்கே வாரிசு வரி இல்லை. கணவன் சொத்து மனைவிக்குப் போவதற்கு அவள் பாஸ்போர்ட்டை நம் வாரிசுச் சட்டம் கேட்பதில்லை. இங்கேயே வாழ்ந்த இந்தியக் கணவரின் சொத்து, வெளிநாட்டில் வசிக்கும் அயல்நாட்டு மனைவிக்கு வந்தால், அவர் நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை உரிய பத்திரங்களோடு வெளியே எடுத்துச் செல்லலாம் என்று விதியே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் நாடு பெருந்தன்மையாக நடந்துகொள்கிறது.

ஆனால் நாட்டின் சட்டம் பெருந்தன்மையாக இருந்து என்ன பயன், வீட்டின் வழக்கம் அப்படி இல்லாவிட்டால்?

வீட்டுக்குள் நடக்க வேண்டியது

உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தச் சொத்தில் மனைவி, பிள்ளைகள், பெற்ற தாய் எல்லோருக்கும் சமபங்கு. தகப்பனாருக்கு அந்த வரிசையில் இடமில்லை. மகன் வெளிநாட்டு மதத்தவரைச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்திருந்தால் 1925-ஆம் ஆண்டு சட்டம் வரும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, தாய்க்கு ஒன்றுமில்லை. இரண்டுமே பல வீடுகளில் சண்டைக்கு விதை. ஒரு பக்கம் மருமகள் தனித்து நிற்கிறாள், மறு பக்கம் வயதான தாய் கைவிடப்படுகிறாள். ஒரு உயில் இருந்தால் இருவருக்கும் நிம்மதி.

ஆகவே, என் பழைய மாணவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்:

1. கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். என்ன சொத்து, எந்த நாட்டில், யார் பெயரில், யார் நாமினி, யார் எந்த நாட்டுக் குடிமகன்.

2. நாமினி என்றால் வாரிசு என்று நினைக்காதீர்கள். பங்குகளின் நாமினி முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று 2023 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

3. இருவரும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். இந்தியச் சொத்துக்கு ஒன்று, அமெரிக்கச் சொத்துக்கு ஒன்று என்றால், "இதற்கு முன் எழுதியதை ரத்து செய்கிறேன்" என்ற வழக்கமான வரி இன்னொரு நாட்டு உயிலையும் ரத்து செய்துவிடாமல் பார்த்து எழுதச் சொல்லுங்கள். இந்திய உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறுகிறவர் சாட்சி போட வேண்டாம்.

4. சிறு பிள்ளைகள் இருந்தால், இருவருக்கும் ஒன்றாக ஏதாவது ஆகிவிட்டால் யார் வளர்ப்பது என்று உயிலில் பெயர் குறிப்பிடுங்கள். அந்தக் குழந்தை அங்கே பிறந்த அமெரிக்கக் குடிமகன். தாத்தா பாட்டி விசாவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

5. அங்கே நிலையாகத் தங்கியவர், குடியுரிமை இல்லாத மனைவிக்கு ஆண்டுதோறும் ஒரு வரம்பு வரை வரியில்லாமல் பரிசாகக் கொடுக்கலாம். 2025-இல் அது 1,90,000 டாலர். கொஞ்சம் கொஞ்சமாக அவர் பெயருக்கும் சொத்து சேரட்டும்.

6. ஆயுள் காப்பீடு போதுமான அளவு எடுங்கள். முதல் ஆறு மாதம் அந்தப் பெண்ணுக்குக் கையில் காசு வேண்டும். சொத்து முடங்கிக் கிடந்தாலும் வீட்டு வாடகை நிற்காது.

7. இதெல்லாம் முடிந்த பிறகு, சொத்து வரம்பைத் தாண்டுகிறதென்றால் கியூடாட் பற்றி வக்கீலிடம் பேசுங்கள். அந்த டிரஸ்டிக்கு ஒரு அமெரிக்கக் குடிமகன் வேண்டும். உங்கள் பிள்ளை குடிமகன்தான், ஆனால் இரண்டாம் வகுப்பு படிக்கிறான் என்றால் வேறு ஆளையோ வங்கியையோதான் பார்க்க வேண்டும்.

8. எல்லாப் பத்திரமும் எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியட்டும். அத்திவரதர் 1979-இல் வந்தார், அடுத்து 2019-இல்தான் வந்தார். அவர் நாற்பது வருஷம் குளத்துக்குள் இருக்கலாம், பெருமாள். உங்கள் உயிலும் இன்சூரன்ஸ் பத்திரமும் அப்படி இருக்கக்கூடாது.

கடைசியாக, என் வயதில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மருமகள் இந்தக் கேள்விகளைக் கேட்டால், "இப்பவே சொத்துக் கணக்குப் பாக்கறா" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் பல பெண்கள் எதுவும் கேட்காமல் இருக்கிறார்கள். பிறகு அந்நிய தேசத்தில், துக்கத்துக்கு நடுவில், வங்கியிலும் வரி அலுவலகத்திலும் தெரியாத மொழியில் தெரியாத கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

அவள் கேட்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேரப்பிள்ளையைக் கொஞ்சி முடித்த பிறகு, "உயில் எழுதியாச்சாப்பா? அவளுக்கு எல்லாம் தெரியுமா?" என்று நீங்களே கேளுங்கள். பெற்றவர்கள் வாயிலிருந்து வந்தால் அதை அபசகுனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விவரம் தெரிந்த வக்கீல்கள், ஆடிட்டர்கள் கருத்துப் பகுதியில் கூடுதலாகச் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், சின்ன காஞ்சிபுரம்